ஷூ மூக்கில் தெரிந்த கதவு

என் வீட்டுக்காரர் நவநீதனுக்கு ஒரு பொருள் பளபளவென்று இருந்துவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். எவர்சில்வர் குடம், மழை விட்ட பிறகு ரோட்டில் தேங்கிய தண்ணீர், டீக்கடை பாய்லர், எதைப் பார்த்தாலும் அந்தப் பொருளைப் பார்க்க மாட்டார். அதற்குள் என்ன தெரிகிறது என்று பார்ப்பார். பார்த்ததை வாட்டர் கலரில் வரைவார். பாய்லர் வயிற்றில் தெரு வளைந்து தெரிகிறது என்றால், அந்தத் தெருவின் மின்கம்பத்தில் எத்தனை ஒயர் போகிறதோ அத்தனையும் படத்தில் இருக்க வேண்டும். ஒரு ஒயரை விட்டுவிட்டது பிறகு தெரியவந்தால் இரண்டு நாளைக்கு யாரோடும் பேச மாட்டார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் அவர் வரையாத பாத்திரம் கிடையாது. வரையாத ஆள் ஒருத்தி உண்டு, அது நான்தான். ஒருமுறை வாய்விட்டே கேட்டேன்.

"ஏங்க, கொடம், சொம்பு, எல்லாத்தையும் வரையுறீங்க. என் மூஞ்சி இன்னா பாவம் பண்ணிச்சு?"

"கொடத்துல வீடே தெரியுது மீனா. மூஞ்சில இன்னா தெரியப்போவுது?" என்றார், பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே.

அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான். அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது கம்பெனியில்தான். நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். காலையில் ஒடுகத்தூரில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் இறங்குவோம். நான் தையல் லைனில், மூன்றாவது வரிசை, ஐந்தாவது மெஷின். அவர் அதே ஹாலின் கோடியில் ஃபைனல் செக்கிங். பேட்டன்ட் லெதர் என்று ஒரு தோல் உண்டு, கண்ணாடி மாதிரி மினுக்கும். அதில் செய்த ஷூவை ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, ஷூவின் மூக்கில் அந்த லைட் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். கோடு நேராக ஓடினால் ஷூ நல்லது. ஓர் இடத்தில் நெளிந்தால் அடியில் பசை திரண்டிருக்கிறது, இல்லையென்றால் தோலிலேயே கோளாறு. சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்கிவிடுவார். "கோடு நேரா இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த ஷூ கப்பல் ஏறலாம். பதினாறு வருஷம் ஷூ மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் லைட்டைத் தவிர மற்றதும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவர் மேஜை சுவரைப் பார்த்துப் போட்டது. ஹாலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஆனாலும் யார் எழுந்து போனார்கள், யார் மெஷின்மேல் தலை சாய்த்தார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஷூ மூக்கு உருண்டையாக இருப்பதால் அவருக்குப் பின்னால் உள்ள மொத்த ஹாலும் அதில் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடுமாம். நடுவில் அவருடைய வழுக்கைத் தலை, மேலே ஆறு ட்யூப் லைட், நாலு ஃபேன், கீழே அறுபது பெண்கள், எதிர்க்கோடியில் அவசர வழிக் கதவு. போன வருஷம் தீபாவளி முடிந்ததும் அதை ஒரு முழுத் தாளில் பெரிதாக வரையப்போவதாக அறிவித்தார்.

ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால் மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, தன் மேஜையில் உட்கார்ந்து, சிவப்புச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் துண்டு துண்டாக வரைந்துகொள்வார். ஒரு சீட்டில் ஃபேன், ஒரு சீட்டில் இரண்டாவது வரிசை, ஒரு சீட்டில் கதவுப் பக்கம். செக்கிங்காரர் புத்தி போகாதே, ஒவ்வொரு சீட்டிலும் தேதி போட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுத் தரை முழுக்கச் சிவப்புச் சீட்டு. தாள் வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போய், கைவண்டிகளுக்கு நடுவில் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். என்னை அப்படிக் கூட்டத்தில் அணைத்துக் கூட்டிவந்ததாக ஞாபகம் இல்லை.

வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு நிறம் அவர் வைத்துக்கொள்வதில்லை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்கு ஷூவுக்குத் துணி ஒட்டுகிற ரப்பர் பாலை ஒரு மூடியில் கொண்டுவந்து, வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் தடவிக் காயவிடுவார். மேலே நிறம் பூசி உலர்ந்ததும் விரலால் தேய்த்தால் ரப்பர் உருண்டு வந்துவிடும், கீழே வெள்ளைத் தாள் பளிச்சென்று இருக்கும். "இருட்டடிச்ச எடத்த அப்புறம் வெளுக்க முடியாது மீனா. மொதல்லயே யோசிச்சுக்கணும்" என்பார். நான்கு மாதம் யோசித்தார்.

படம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் அந்தக் கறுப்பு ஷூ மூக்கைப் பார்த்ததும் கை நீட்டித் தொடப்போனேன், அவ்வளவு வழவழப்பு. கிட்டப் போனால் உள்ளே எங்கள் ஹால். "இதுல நான் எங்க?" என்று கேட்டேன். பிரஷ்ஷின் பின்முனையால் காட்டினார். மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாக ஒரு நீலப் புள்ளி, அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நான் ஒரு கடுகு அளவுக்கு வந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடுகைவிடச் சின்னது என்றார்.

அந்தக் கதவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவசர வழி என்று மேலே பச்சைப் பலகை இருக்கும், அதில் ஒரு மனிதன் ஓடுவான். அவன் ஓடுகிற இடத்தில் மூன்று வருஷமாக அட்டைப்பெட்டிகள். ஸ்டோரில் இடமில்லை, இரண்டு நாளைக்கு இருக்கட்டும் என்று வைத்தார்கள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஷின் மோட்டார் புகைந்து ஹாலே இருண்டுவிட்டது. கதவுப் பக்கம் ஓடினோம், பெட்டிகள் நகரவில்லை, திரும்பி முன்வாசலுக்கு ஓடினோம். அந்த நெரிசலில் பக்கத்து மெஷின் அக்தரி பேகம் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தீ பிடிக்கவில்லை, தப்பித்தோம். மறுநாளே நான் புரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி சாரிடம் போய்க் கேட்டேன். "அடுத்த வாரம் எடுத்துடலாம்மா" என்றார். அதன்பின் நானும் மூன்று தரம் கேட்டேன், அவரும் மூன்று அடுத்த வாரம் சொன்னார். அப்புறம் எனக்கே வாய் வலித்துவிட்டது.

மார்ச் மாதம் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். ஓவியப் போட்டி, தலைப்பு 'பாதுகாப்பே முதல்'. எல்லோரும் ஹெல்மெட், தீயணைப்பு வண்டி என்று வரைந்துகொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரரிடம் இருந்தது இந்த ஒரு படம்தான். தலைப்பைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று மூர்த்தி சார் சொன்னாராம். ஆனால் முதலாளியின் மகன் தௌசீப் அகமதுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம ஷூ என்னா அழகா இருக்குது பாருங்க" என்று முதல் பரிசு கொடுத்தார். பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். அதன் மூடியையும் அவர் வரைந்தார் என்பது வேறு விஷயம். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில், வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு எதிரே மாட்டினார்கள். எத்தனையோ பேர் பார்த்தார்கள். எல்லோரும் ஷூவைத்தான் பார்த்தார்கள்.

ஜூலையில் ஆடிட். கணக்குப் பார்க்கிற ஆடிட் இல்லை. வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க, ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பும். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று காலையில் எங்களுக்கு மாஸ்க், கையுறை, தலைக்குத் தொப்பி எல்லாம் வரும். பெட்டிகளை வேனில் ஏற்றி மாதனூர் பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஆடிட்டர் கிளம்புகிறவரை அந்த வேன் ஊர் சுற்றும். வருஷா வருஷம் நடக்கிற கூத்துத்தான்.

இந்த முறை ஆடிட்டர் நந்தினி என்று ஒரு பெண், சென்னையிலிருந்து வந்தார். ஒன்பதரைக்கு என்று சொல்லியிருந்தவர் எட்டரைக்கே வந்து நின்றுவிட்டார். பெட்டிகள் பாதிகூட ஏறவில்லை. மூர்த்தி சார் அவரை வரவேற்பறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், மறுபடி டீ கொடுத்தார். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அவருக்கு எதிரே இருந்தது என் வீட்டுக்காரர் படம்.

பெட்டிகள் போய், தரையைத் துடைத்து, நாங்கள் தொப்பி மாட்டி உட்கார்ந்த பிறகு ஹாலுக்குள் வந்தார்கள். முன்னால் நந்தினி மேடம், பின்னால் மூர்த்தி சார், தௌசீப், கடைசியில் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ப்யூன். நேராகச் செக்கிங் மேஜைக்குப் போய், படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்தார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

"இது நீங்க வரைஞ்சதுதானே?" என்றார் நந்தினி மேடம்.

"ஆமாங்க மேடம்."

"ரொம்ப நல்லா இருக்கு. இந்தப் பச்சை போர்டு எக்ஸிட் போர்டுதானே? எழுத்து எல்லாம் இடம் வலம் மாறித் தெரியுது. அதுக்குக் கீழ கதவு இருக்கணும். கதவுக்குப் பதிலா பழுப்பா அடுக்கி வச்சிருக்கே, அது என்ன?"

மூர்த்தி சார் முந்திக்கொண்டார். "அது சும்மா மேடம். ஆர்ட்டிஸ்ட் கற்பனை. இங்க பாருங்க, கதவு கிளியரா இருக்குது."

"நான் அவரைக் கேக்கறேன் சார்."

என் வீட்டுக்காரர் மூர்த்தி சாரைப் பார்த்தார். பிறகு திரும்பி, அத்தனை மெஷின் தாண்டி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு பேர் வேலையும் ஒரே கூரைக்குக் கீழே. பெண் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், இரண்டாம் வருஷம். ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்றுதான் மனதுக்குள் சொன்னேன். கதவுக்காக நாலு தரம் நடந்தவளே நான்தான், ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அவரும் சொல்லிவிட்டார். "ஆமாங்க மேடம். கற்பனைதான்."

அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். மூர்த்தி சாருக்கு வாய் நிற்கவில்லை. "ஷூவ மட்டுந்தான் மேடம் பார்த்துப் போட்டிருக்காரு. உள்ள தெரியறதெல்லாம் சும்மா கிறுக்கி ரொப்பினது. அவ்ளோ பொடிசா யாரு பார்க்கப் போறாங்கன்னு..." என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் முகம் மாறியது என் மெஷினிலிருந்தே தெரிந்தது. பெட்டிக்காகவோ, எங்களுக்காகவோ, நியாயத்துக்காகவோ அவர் வாய் திறந்தார் என்று பிறகு பல பேர் சொன்னார்கள். நான் அவர் பெண்டாட்டி, எனக்குத் தெரியும். 'கிறுக்கி ரொப்பினது' என்ற வார்த்தைக்காகத் திறந்தார்.

"ரொப்பலை சார்" என்றார். "மேடம், மொத்தம் பதினாலு பெட்டி. கீழ அஞ்சு, நடுவுல அஞ்சு, மேல நாலு. மேல வலது பக்கப் பெட்டி மூலை நசுங்கியிருக்கும், அதுவும் படத்துல இருக்குது பாருங்க. நாலாவது ஃபேன்ல ஒரு இறக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், இருக்குதா? மூணாவது வரிசைல அஞ்சாவது மெஷின், அது என் சம்சாரம். அவ எடத்துலேர்ந்து அந்தக் கதவுக்குப் பதினெட்டு அடி. ஓடினா ஆறு எட்டு வச்சாப் போதும். பெட்டி இருந்தா அம்பது அடி சுத்திக்கினு முன்வாசலுக்குப் போவணும். நான் எதையும் கற்பனை பண்ணலை. எனக்குக் கற்பனையே வராது."

"ஒருநாள் மட்டும் பெட்டி இருந்திருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார் நந்தினி மேடம்.

என் வீட்டுக்காரர் தன் மேஜை டிராயரைத் திறந்தார். படம் முடிந்ததும் வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த, ரப்பர் பேண்ட் போட்ட சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கதவுப் பக்கம் வரைந்த சீட்டு மட்டும் பதினொன்று. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. எல்லாவற்றிலும் தேதி, எல்லாவற்றிலும் பெட்டி.

நந்தினி மேடம் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, வரிசைகளை எண்ணிக்கொண்டே நடந்து என்னிடம் வந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. பெட்டி எப்ப எடுத்தாங்க?"

பக்கத்தில் அக்தரி பேகம் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு அடி என்று அந்த மனிதர் எப்போது அளந்தார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இன்னிக்குக் காலைல மேடம்" என்றேன். "நீங்க டீ குடிச்சுக்கினு இருந்தப்ப."

வேலை போகும் என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் அன்றைக்கு பஸ் ஏறினோம். போகவில்லை. சொன்னவர்கள்மேல் கை வைக்கக் கூடாது என்று நந்தினி மேடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மாதம் கெடு. பெட்டிகளுக்குத் தனி ஷெட் போட்டார்கள், கதவுக்கு முன்னால் மஞ்சள் கோடு அடித்தார்கள், கதவில் தொங்கிய பூட்டையும் எடுத்தார்கள். காற்று வரட்டும் என்று பகலில் திறந்தே வைக்கிறார்கள். தௌசீப் ஒருநாள் என் மெஷின் பக்கம் நின்று, "இப்ப பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் மூர்த்தி சார் சும்மா இருப்பாரா. என் வீட்டுக்காரருக்கு 'சீனியர்' என்று பட்டம் கொடுத்து, பின்கட்டடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே செய்வது ஸ்வீடு ஷூ. ஸ்வீடு என்றால் சொரசொரவென்று பஞ்சு மாதிரி இருக்கும் தோல். அதில் லைட்டும் தெரியாது, மனிதனும் தெரியாது, ஒன்றுமே தெரியாது. தடவிப் பார்த்துத்தான் செக்கிங். இதைவிடப் பொருத்தமான தண்டனை யாருக்கும் தோன்றியிருக்காது. படத்தையும் ஷூ சுற்றுகிற மெல்லிய தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை அலமாரிக்குப் பின்னால் வைத்தார். ஒரு மாதம் பிரஷ்ஷைத் தொடவில்லை. குடத்தைக்கூடப் பார்க்காமல் தண்ணீர் மொண்டு குடித்தார். எனக்கு அது தாங்கவில்லை. அவர் பைத்தியமாக இருந்ததே தேவலை.

ஒருநாள் சாயங்காலம் அவராகவே கேட்டார். "செக்கிங் மேஜைல இப்ப இன்னா ஸ்டைலு ஓடுது?"

"கறுப்பு பேட்டன்ட்."

"கதவு தெறந்திருக்கறது தெரியுதா அதுல?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மெஷினைப் பார்க்கறதா, ஷூவைப் பார்க்கறதா?"

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் மதியம் பத்து நிமிஷத்தில் சோற்றை விழுங்கிவிட்டு அந்த மேஜைக்குப் போனேன். புதிய செக்கிங்காரர் சாப்பிடப் போயிருந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவை எடுத்தேன். முதலில் வெறும் கறுப்பும் வெளிச்சமும்தான். ஒரு சாண் தூரத்தில் பிடி, ஷூவைப் பார்க்காதே, உள்ளே பார் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. பார்த்தேன். மெதுவாக ஹால் வந்தது. கோடியில் ஒரு வெள்ளைக் கட்டம், அதுதான் கதவு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அந்த வெள்ளை ட்யூப் லைட்டைவிட ஜாஸ்தியா கம்மியா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நாளைக்குப் பார்த்துக்கொண்டு வா என்றார். இப்படி ஒன்பது நாள். வெளிச்சம் தரையில் எதுவரை வருகிறது, எந்த வரிசைப் பெண்கள் தோளில் படுகிறது, பச்சைப் பலகை வெளிறிப்போகிறதா என்று ஆயிரம் கேள்வி. மறந்துவிடக் கூடாது என்று நானும் சிவப்புச் சீட்டின் பின்னால் எழுத ஆரம்பித்தேன். தேதி போட்டுத்தான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, புதுத் தாளைப் பலகையில் ஒட்டினார். கதவு வரும் இடத்தில் ரப்பர் பால் தடவிக் காயவிட்டார்.

"நடுவுல?" என்றார்.

"நடுவுல இன்னா?"

"என் தலை இருந்த எடத்துல இப்ப யாரு இருக்காங்க?"

ஒன்பது நாளாக நான் சொல்லாமல் இருந்தது அது ஒன்றுதான். கேட்காத விஷயம், என்னவோ கூச்சமாக இருந்தது. "நான்தான். மூஞ்சி முழுக்க."

"அப்ப மூணாவது வரிசைல அஞ்சாவது?"

"காலி. நான் உங்க மேஜைல ஒக்காந்திருந்தா அங்க எப்டி இருப்பேன்?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு முக்காலியை இழுத்து ட்யூப் லைட்டுக்குக் கீழே போட்டார். "இங்க வந்து ஒக்காரு."

"இன்னாத்துக்கு?"

"பார்க்காம எப்டிப் போடறது?"

"மூஞ்சில இன்னா தெரியப்போவுது?" என்றேன். அன்றைக்கு அவர் சொன்னதை இத்தனை நாளாக மனதில் வைத்திருந்தேன், விட முடியுமா.

அவர் கிட்ட வந்து குனிந்து, ஒரு சாண் தூரத்தில் என் கண்ணைப் பார்த்தார்.

"ட்யூப் லைட் தெரியுது மீனா."

"எங்க?"

"உன் கண்ணுல. ரெண்டுலயும். கோடு நேரா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. அவர் அப்படியே, நகராமல், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நேரம் அழுவாத" என்றார். "கோடு நெளியுது."